முழங்கை வறட்சி விண்ணப்பங்கள்

ஆவண அறையில் இருபத்தெட்டு வருஷம் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியதால் அவருக்குக் கோப்பக்கா என்றே பெயர். ஐம்பத்துமூன்றாம் வயதில் அவருக்கு நாற்காலி எதிரியானது. உட்கார்ந்தால் எரிச்சல், எழுந்தால் அரிப்பு, சிறுநீர் கழித்தால் கண்ணில் தண்ணீர். மாதவிலக்கு நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. கணவர் பக்கத்தில் வந்தாலே சுவரோரம் நகர்ந்து படுத்தார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாத அந்த மனுஷர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு வாரம் பாத்திரம் துலக்கினார்.

பெண் மருத்துவர் ஐந்தே நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

"உடம்புல ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சுடுச்சும்மா. அதான் யோனி வறண்டு, உள்தோல் மெலிசாயிருக்கு. ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதறேன். ரெண்டு வாரம் தினமும் உள்ளே வைங்க, அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தடவை போதும். ரொம்பக் குறைஞ்ச அளவுதான்."

"இவ்வளவுதானா டாக்டர்? வயசானா இப்படித்தான்னு மூணு வருஷமாப் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேனே!"

"இங்க வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

ஊழியர் மருந்தகத்தில் கிரீம் இருந்தது. அதை வாங்க நலப்பிரிவின் ஒப்புதல் வேண்டும். படிவத்தில் 'பாதிக்கப்பட்ட உறுப்பு' என்றொரு கட்டம். கோப்பக்கா தமது முத்தான கையெழுத்தில் 'யோனி' என்று நிரப்பினார்.

நலப்பிரிவுக் கண்காணிப்பாளர் அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். சொல் மாறவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருப்பது உறைத்ததும் பதறிப்போய் அகலத் திறந்தார்.

"என்னம்மா இது?"

"உறுப்பு சார்."

"அது சரி. ஆனா இந்தக் காகிதம் பதினோரு மேஜைக்குப் போகுது. பத்துல ஆம்பளைங்க உட்கார்ந்திருக்காங்க."

"அந்தப் பத்துப் பேரும் எப்படி சார் பிறந்தாங்க?"

"அதெல்லாம் அவங்க பணியில சேர்றதுக்கு முன்னாடி நடந்ததும்மா. அலுவலகம் பொறுப்பேற்க முடியாது."

துறையின் கண்ணியத்துக்குப் பங்கம் விளைவிக்காத, அதே சமயம் வறட்சிக்கு வாய்ப்புள்ள மாற்று உறுப்பு ஒன்றைக் குறிப்பிடுமாறு அவர் கேட்டுக்கொண்டார். பிறகு அவரே தேடினார். மேஜைமேல் ஊன்றியிருந்த தமது கை கண்ணில் பட்டது.

"முழங்கைன்னு போடுங்க."

"முழங்கைக்கு எப்படி சார் உள்ளே வைக்கிறது?"

"அதுவரைக்கும் யாரும் படிக்க மாட்டாங்க."

யாரும் படிக்கவில்லை. மூன்றே நாளில் பதினோரு கையெழுத்தும் விழுந்தன. இரண்டு மாதத்தில் கோப்பக்கா நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கணவர் பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. இப்போது பாடிக்கொண்டே துலக்கினார்.

சாப்பாட்டு அறையில் விஷயம் பரவியது. அடுத்த மாதம் நாற்பத்துமூன்று பெண்களுக்கு முழங்கை வறண்டது. எல்லோரும் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். ஆண்களில் ஒருவருக்கும் இல்லை. நிபுணர் குழு அமைக்கப்பட்டது. மேஜை விளிம்பே காரணம் எனக் கண்டறிந்து, பெண்களின் மேஜைகளுக்கெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினார்கள். "பெண் ஊழியர்களின் முழங்கையே இத்துறையின் முதுகெலும்பு!" என்று இயக்குநர் மேடையில் முழங்கினார். முன்வரிசைப் பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள். அவர்கள் தோள்கள் குலுங்கியது அழுகையால் அல்ல.

மெல்ல மெல்லக் கணவன்மார் வழியாக ஆண்களுக்கும் விவரம் புரிந்தது. வாயைத் திறந்து யாரும் பேசவில்லை. ஆனால் பெண்கள் நீளக் கை ரவிக்கைக்கு மாறினார்கள். அதுவே ஊரில் புது மோஸ்தர் ஆயிற்று. ஆண்களும் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார்கள். பார்வையாளர் முன்னிலையில் மேஜைமேல் முழங்கை ஊன்றலாகாது எனச் சுற்றறிக்கை வந்தது. கோப்பக்காவே அதைப் படித்துவிட்டு, "ஒழுங்குன்னு ஒண்ணு வேணும்ல" என்றார்.

அந்த வாரம் கழுவிவிட்ட நடைபாதையில் கண்காணிப்பாளர் வழுக்கி விழுந்தார்.

"ஐயோ, என் முழங்கை! முழங்கை போச்சே!"

தட்டச்சுப் பெண் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். காவலாளி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். கோப்பக்கா மட்டும் ஓடிவந்தார். தமது முந்தானையால் அவர் கையை அவசரமாக மூடிவிட்டு, காதருகே குனிந்து பல்லைக் கடித்தார்.

"மெதுவா சார்! பொம்பளைங்க நடமாடுற இடத்துல என்ன வார்த்தை இது?"