ஐந்து அடித்தால் நான்கு

"உங்க கடிகாரத்தால எங்க ஹோமே ரெண்டுபட்டுப் போச்சு, சார்!" மேனேஜர் வாசலிலேயே மடக்கினார்.

லிஃப்ட் மெக்கானிக் அசடு வழிந்தார். முதியோர் இல்லத்துக்கு அவருடைய அம்மா தானே விரும்பி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை நேற்றுக் கொண்டுவந்து மாட்டியது அவர்தான். அப்பா காலத்திலிருந்தே அது ஒரு மணி கூடுதலாக அடிக்கும். யாரும் பழுது பார்த்ததில்லை. மனசுக்குள் ஒன்றைக் கழித்துக் கழித்தே அவர் பள்ளிக்கூடம் போனார், வேலைக்குப் போனார், தலையும் நரைத்துவிட்டது.

கழிக்கத் தெரியாத பக்கத்து அறைக்காரர்கள், நாலு அடித்ததும் மூன்று மணிக்கே டீக்கு வந்து சண்டை பிடித்திருக்கிறார்கள்.

"சத்தத்தைக் குறைச்சிடறேன் சார்" என்று உள்ளே போய், மணியடிக்கும் சுத்தியலில் துணியைச் சுற்றினார். அடுத்த தடவை கடிகாரம் லொக்கு லொக்கென்று இருமியது. நர்ஸ் ஓடிவந்து அம்மாவின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. இருமினது அது" என்று அம்மா சுவரைக் காட்டினாள்.

அது பிரீமியம் அறை. தோட்டத்தைப் பார்த்த ஜன்னல், பட்டனை அமுக்கினால் ஏறி இறங்கும் கட்டில், வருகிறவர்கள் உட்காரத் தனி இடம். தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்போடு ஒட்டிக் குளிக்கிற அம்மா, இந்த அறைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இந்த வயதில் இவ்வளவு சொகுசு ஆசையா என்று மகனுக்கு உள்ளூர வருத்தம்.

பிடிக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அவர் அதைத்தான் நம்பியிருந்தார். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல் அம்மாவோடே இருந்துவிட்டவர். இப்போது தனியாகச் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வாய் இறங்கவில்லை. பழைய சாமான்களைப் பார்த்தால் அம்மாவுக்கும் வீட்டு நினைப்பு வந்துவிடாதா?

மறுநாள் அப்பாவின் மர நாற்காலியைத் தூக்கிவந்து கட்டிலை ஒட்டிப் போட்டார். அம்மா கட்டிலை இறக்கினாள். அது நாற்காலிக் கையில் சிக்கி, பாதியில் நின்றது.

"பயப்படாதேம்மா, நம்ம தொழில்தானே!"

கீழே படுத்து ஏதோ ஒரு ஒயரை மாற்றினார். கட்டில் விர்ரென்று உச்சிக்கு ஏறி நின்றுகொண்டது.

"இது எத்தனாவது மாடிடா?" என்று மேலிருந்து அம்மா கேட்டாள்.

நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். "எல்லாத்தையும் இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க" என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

"வீட்டுக்கே போயிடலாமாம்மா?"

"இங்க எனக்கு என்னடா குறைச்சல்? நீ உட்காரு."

அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். கடிகாரம் ஐந்து தடவை இருமியது. "நாலு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அம்மா முகம் கழுவப் போனதும் எழுந்து கடிகாரத்தைக் கழற்றினார். டீயோடு வந்த ஆயா பதறினாள்.

"ஏன் சார் கழட்டறீங்க?"

"அம்மாவுக்கு இங்க பிடிச்சுப்போச்சு. பழசெல்லாம் இனிமே எதுக்கு?"

"மாட்டுங்க சார், மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். ரூம் பார்க்க வந்த அன்னிக்கு நான்தான் அம்மாவுக்குச் சுத்திக் காட்டினேன். 'எனக்கென்ன, ஒரு கட்டில் போதும். என் பையன் தினம் வந்து உட்கார ஒரு வீடு வேணுமே'ன்னுதான் இந்தப் பெரிய ரூமையே கேட்டாங்க!"