வண்டிக்குள் ஒரு குருவி

காதுக்காரர் தன் பழைய காரின் டிரைவர் சீட்டில் துணியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். தூசியோடு சேர்ந்து ‘கீச்’ என்று ஒரு சத்தமும் கிளம்பியது.

அப்படியே நின்றார். இன்னொரு தட்டு தட்டினார். மறுபடியும் ‘கீச்’.

“இங்க வாயேன். வண்டிக்குள்ள குருவி இருக்கு.”

மனைவி வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். “குருவியா? நல்லாத் தட்டிப் பாருங்க. வேற ஏதாவதா இருக்கப் போகுது.”

தட்டினார். கீச். கையைச் சேர்த்துப் பட்டுப்பட்டென்று இரண்டு தட்டு. கீச், கீச். சத்தம் டாஷ்போர்டுக்குள்ளிருந்து, இடது பக்கத்து ஓரத்திலிருந்து வந்தது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மின்விசிறித் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை அறை அவருடையது. ஓடுகிற விசிறிக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பேரிங் எந்தப் பக்கம் தேய்கிறது, எந்த இறக்கை ஒரு நூல் வளைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மெஷின் தப்பாகச் சொன்ன நாள் உண்டு, அவர் காது தப்பாகச் சொன்ன நாள் இல்லை; காதுக்காரர் என்ற பெயரே அப்படி வந்ததுதான். இந்தச் செய்தியைத் தொழிற்சாலையில் அடிக்கடி சொல்லி வந்தவரும் அவரேதான்.

“குரல்ல ஒரு நடுக்கம் இருக்கு,” என்றார் கண்ணை மூடியபடி. “பிறந்து ரெண்டு நாள்கூட ஆகல. ஆம்பளைக் குருவி.”

“அதெல்லாம்கூடத் தெரியுமா?”

“காதுன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?”

குருவி வேறு நேரம் பார்த்திருக்கலாம். சனிக்கிழமை அந்த வண்டியை ஷோரூம்காரர்கள் எடுத்துப் போக வருகிறார்கள். பழையதைக் கொடுத்தால்தான் புதியது. புதியது என்றால் பேட்டரி வண்டி, துளிப் புகை கிடையாது. அதற்காக அவர் மாதக்கணக்கில் வரிசையில் காத்திருந்தார்.

பழைய வண்டி கிளம்பினால் தெருவில் ஜன்னல்கள் சாத்தப்படும். கொசு மருந்து வண்டி என்று அதற்குப் பெயர். ஒரு நாள் பக்கத்துத் தெரு அம்மா ஒருத்தி குறுக்கே வந்து வண்டியை நிறுத்தி, “எங்க சந்துக்குள்ளயும் ஒரு சுத்து வந்துட்டுப் போங்களேன், கொசு தாங்கல,” என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டாள். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தப் பூமிக்குத் தன்னால் இனி ஒரு துளி புகையும் சேரக்கூடாது என்று அப்போதே முடிவெடுத்தார். முடிவெடுத்தால் பின்வாங்குகிற ஆள் அவர் இல்லை.

“ஃபேக்டரி நடக்கிற தூரம்தானே,” என்று மனைவி அப்போதும் சொன்னாள். அதற்கு முன்பும் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். “கால்வாய்க் கரையோட போனா நிழலாவே போயிடலாம். என் ஆபீஸ் வரைக்கும் சேர்ந்தே போலாம்.” அவள் தபால் நிலையத்தில் கவுண்டரில் உட்காருகிறவள். புகைக்குப் பயந்து அந்த வண்டியில் ஏறுவதை எப்போதோ நிறுத்திவிட்டு, தினமும் தனியாக நடந்துகொண்டிருந்தாள்.

“நடக்கிறதுன்னா யார் வேணும்னாலும் நடக்கலாம். அதுல என்ன இருக்கு?” என்று அவர் அந்தப் பேச்சை முடித்துவிடுவார்.

ஷோரூமில் பணம் கட்டிய அன்றைக்கு ஒரு பை நிறையப் பரிசு கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் துணிப்பை. அதற்குள் இன்னொரு பிளாஸ்டிக் உறையில் மூங்கில் பல்துலக்கி. ஒரு செடி, அது வீட்டுக்கு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. பிறகு இலை வடிவத்தில் ஒரு சாவிக்கொத்து. தொலைந்தால் தானே குரல் கொடுக்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. மறுநாளே அது தொலைந்தது, குரல் ஒன்றும் கொடுக்கவில்லை.

“இயற்கையைக் காப்பாத்த இவ்வளவு சாமான் வேணுமா?” என்று மனைவி மட்டும் கேட்டாள்.

இப்போது காதுக்காரர் ஷோரூமுக்குப் போன் போட்டார்.

“சனிக்கிழமை வர வேண்டாம்மா. வண்டிக்குள்ள ஆள் இருக்காங்க.”

“யார் சார்?” என்றாள் ஷோரூம் பெண்.

“குருவி.”

“சார், உங்க டர்ன் தள்ளிப்போனா வண்டி அடுத்தவங்களுக்குப் போயிடும். லேசா டாஷ்போர்டைக் கழட்டி எடுத்து விட்டுடுங்களேன்.”

“கழட்டும்போது ஸ்க்ரூடிரைவர் பட்டுதுன்னா? இயற்கைக்காக வாங்குற வண்டிம்மா இது. ஒரு உயிரை விரட்டிட்டு அதுல ஏறி உட்கார்ந்தா எனக்கே அசிங்கமா இருக்கும். ஒரே ஒரு வாரம் கொடுங்க, பறந்துடும்.”

அவள் ஒரு வாரம் கொடுத்தாள். காதுக்காரர் வண்டியை எடுக்காமல், மனைவியோடு கால்வாய்க் கரையில் நடந்து வேலைக்குப் போனார். புதுச் செருப்பு கடித்தது. வழியெல்லாம் முனகிக்கொண்டே போனார். அவள் பக்கத்திலேயே மெதுவாக நடந்தாள்.

முதல் வேலையாக, தாய்க்குருவி வந்துபோக வசதியாக ஜன்னல் கண்ணாடிகளை இறக்கிவிட்டார். தாய்க்குருவி வரவில்லை. தெருப் பூனை வந்து பின்சீட்டில் படுத்தது.

பூனையைத் துரத்திவிட்டு ஜன்னலுக்கு வலை கட்டினார். பிறகுதான் வலைக்குள் தாய்க்குருவியும் வர முடியாது என்று உறைத்தது. தாய் வராவிட்டால் தீனி நாம்தானே போட வேண்டும் என்று ஆன்லைனில் தேடினார். பார்சல்கள் வரத் தொடங்கின. குருவித் தீனி, குருவிக்குத் தண்ணீர் சொட்டும் குழாய், குருவி வளர்ப்புக் கையேடு, கூடு விட்டு வந்தால் தங்க ஒரு மரவீடு. கூடத்தில் அட்டைப்பெட்டிகள் கழுத்து உயரத்துக்கு நின்றன.

“ஒரு குருவிக்கு இவ்வளவா?” என்றாள் மனைவி, பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து.

“எல்லாம் மறுசுழற்சி அட்டை. போட்டிருக்கான் பாரு.”

காதுக்காரர் டாஷ்போர்டின் சந்துகளிலெல்லாம் தானியத்தைத் தூவினார். தானியம் குறைந்துகொண்டே வந்தது. குருவி நன்றாகச் சாப்பிடுகிறது என்று மகிழ்ந்து இன்னும் தூவினார். நாலாம் நாள் காலை சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் எலி, வால் வரைக்கும் நிதானமாக, வெளியே வந்தது.

“எலிக்கு ஒரு பூனை இருந்தா நல்லது,” என்றார் யோசித்து.

“அதைத்தான் வலை கட்டி விரட்டியாச்சே,” என்றாள் மனைவி.

எதிர்வீட்டு வக்கீல் ஓய்வு பெற்றவர். காலையில் தன் வாசலில் நின்று கைதட்டும் உடற்பயிற்சி செய்வார். ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம். அன்றைக்கு வக்கீல் பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தெருவைக் கடந்து வந்தார்.

“தம்பி, உங்க குருவிக்கும் எனக்கும் எப்படியோ ஒத்துப்போச்சு. நான் ஒண்ணு தட்டினா அதுவும் ஒண்ணு சொல்லுது. ரெண்டு தட்டினா ரெண்டு.”

“காலையில பசி அதிகம் சார் அதுக்கு. உங்களைப் பார்த்ததும் கேட்குது,” என்றார் காதுக்காரர். “ஒரு உதவி பண்ணுங்க. உங்க வண்டியை இங்க ஸ்டார்ட் பண்ணும்போது அது மிரளுது.”

வக்கீலுக்குத் தன்னைக் குருவி ஒன்று கவனிக்கிறது என்பதே பெரிய விஷயமாக இருந்தது. தன் வண்டியை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். வேறு யாராவது தெருமுனையில் ஹாரன் அடித்தால் வாசலுக்கு வந்து சட்டம் பேசினார். தெருவில் ஹாரன் நின்றது. காதுக்காரருக்கே இந்த அமைதி புதிதாக இருந்தது.

நடையிலும் ஏதோ மாறியிருந்தது. செருப்பு கடிப்பது நின்றுபோனது. கால்வாயில் தண்ணீருக்கு மேல் சாய்ந்து ஒரு மரம் நிற்பதை அவர் இத்தனை காலமும் பார்த்ததில்லை. மனைவி நடக்கும்போது தன்னையறியாமல் ஏதோ ஒன்றை முணுமுணுத்துப் பாடுவாள் என்பதும் தெரியாது. ஊரிலுள்ள எல்லா விசிறிகளின் குறையையும் கேட்ட காது, பக்கத்தில் இருந்த இந்தக் குரலைக் கேட்காமல் போனதை நினைத்து வெட்கப்பட்டார்.

“நிறுத்திட்டியே, பாடேன்,” என்றார் ஒரு நாள்.

“யார் பாடினா?” என்று அவள் வேகமாக முன்னால் நடந்தாள்.

அந்த வாரக் கடைசியில் குருவி பேசவில்லை.

காலையில் வக்கீல் தட்டினார், பதில் இல்லை. காதுக்காரர் தட்டினார், கெஞ்சினார், டாஷ்போர்டில் காதை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஒன்றுமில்லை. வேலைக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காதது போல் இருந்தார்.

“எலி ஏதாவது பண்ணியிருக்கும். தானியத்தைப் போட்டு எலியைக் கூப்பிட்டது நான்தானே,” என்றார். குரல் உடைந்தது.

மனைவி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, “அழாதீங்க. தூங்கிட்டிருக்கும். நான் கடைக்குப் போயிட்டு வர்றேன், நீங்க உள்ள போய் ஒரு வாய் சாப்பிடுங்க,” என்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வக்கீல் முதல் தட்டு தட்டியதும் தெருவே கேட்கிற மாதிரி ‘கீச்ச்’ என்று வந்தது பதில். காதுக்காரர் பல்துலக்கியோடு வெளியே ஓடிவந்தார். கண்ணை மூடிக் கேட்டார்.

“குரல் கெட்டியாயிருக்கு,” என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. “வளர்ந்துட்டான்.”

“ஆமா,” என்றாள் அவள். “வளர்ந்துட்டான்.”

கொடுத்த கெடு முடிந்து ஷோரூம் பெண்ணே நேரில் வந்தாள். வலையையும் தானியத்தையும் மரவீட்டையும் பார்த்தாள். “சார், வண்டி ஓடுற நிலைமையில இருந்தாத்தான் எக்ஸ்சேஞ்ச். ஒருதடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. இன்னைக்கு விட்டா உங்க வண்டி கைமாறிடும்.”

“ஸ்டார்ட் பண்ண மாட்டேன்மா.”

“சார், எத்தனை மாசம் காத்துட்டிருந்தீங்க.”

“காத்துட்டுதான் இருந்தேன்.” காதுக்காரர் வண்டியின் கூரைமேல் கையை வைத்தார். “புகையை நிறுத்தணும்னுதானே புது வண்டி கேட்டேன்? இந்த வண்டி வாசல்ல நின்ன நாள்ல இருந்து நான் ஒரு துளி புகை விடல. இதை நிறுத்த எனக்கு இன்னொரு வண்டி வேண்டியதில்ல. அதை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுங்க.”

“அப்போ வேலைக்கு எப்படிப் போவீங்க?”

“நடந்து. இவகூட.”

எலி எல்லா ஒயரையும் கடித்து முடித்திருந்தது. வண்டி எப்படியும் கிளம்பியிருக்காது. ஆனால் அது காதுக்காரருக்குத் தெரியாது. தெரியாமல்தான் வேண்டாம் என்று சொன்னார். புது வண்டி வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தை வாங்கிக்கொண்டு ஷோரூம் பெண் போய்விட்டாள். மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றாள்.

“ஏங்க, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“எதுவா இருந்தாலும் நடந்துகிட்டே சொல்லு. காலு கேட்குது.”

கால்வாய்க் கரையோடு ஒரு சுற்றுப் போனார்கள். அவள் சொல்லவில்லை. சொல்ல முடியாதபடி அவர்தான் பேசிக்கொண்டு வந்தார். குருவி பறந்து போனாலும் இந்த நடையை விடுவதாக இல்லையாம். மழை வந்தால் ஒரே குடையாம். கூடத்தில் கிடக்கும் பெட்டிகளை எல்லாம் திருப்பி அனுப்பிவிட வேண்டுமாம். இனி இந்த வீட்டுக்குள் தேவையில்லாமல் ஒரு பார்சல் நுழையாதாம்.

திரும்பும்போது மூலைக்கடையில் மனைவி சோப்பு வாங்க உள்ளே போனாள். காதுக்காரர் வெளியே கூரைக்கு அடியில் நின்றார். அங்கே தகரத்தின் மடிப்பில் நிஜமாகவே இரண்டு குருவிகள் கூடு கட்டி, கத்திக்கொண்டிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

“குரல் சுத்தமா இல்ல,” என்று உள்ளே பார்த்து மனைவிக்குச் சொன்னார். “நம்ம குருவிகிட்ட இதுங்க நிக்க முடியாது.”

உள்ளே அலமாரிப் பக்கம் திரும்பி நின்று சோப்பைத் தேடிக்கொண்டிருந்த கடைக்காரருக்கு, பேசியது யார் என்று தெரியவில்லை.

“அக்கா, மறந்துட்டேன் பாருங்க. கை தட்டினா கத்துற அந்த இலைச் சாவிக்கொத்துக்குப் போடுற பட்டன் பேட்டரி வந்துருச்சு. இந்தத் தடவை ரெண்டா எடுத்துட்டுப் போங்க, அன்னைக்கு மாதிரி குருவி திடீர்னு நின்னுடுச்சுன்னா பாவம், அண்ணன் மறுபடியும் சாப்பிட மாட்டாரு.”