மூக்கு மட்டும் அசல்

மரப்பொம்மையை இரண்டு தட்டுத் தட்டி, அதன் ஜாதகத்தையே சொல்லிவிடும் மனித வகை ஒன்று உண்டு. அமெரிக்காவில் எங்கள் மெய்ன் மாநிலக் கடற்கரையில் நண்டைவிட இவர்கள் அதிகம்.

கண்டுபிடிப்பது சுலபம். பழைய கடை வாசலில், ஆள் உயரத்துக்குச் செதுக்கி வர்ணம் பூசிய பொம்மைக்கு முன்னால் ஒருவர் மண்டியிட்டு, அதன் கால் அடியைப் பார்த்து, கக்கத்தை மோந்து, எச்சில் விரலால் வர்ணத்தைத் தேய்த்து, அதே விரலை மறுபடியும் நாக்கில் வைத்து, கண்ணை மூடி “ம்ம்ம்” என்கிறாரா? அவரேதான். கக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள். சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

“தொடைச்சீங்களா? ஐயோ, தொடைச்சிட்டீங்களா!” இது அவர் அழுகை. அடுத்தவர் பொம்மைமேல் நூறு வருஷ அழுக்கு இருந்தே ஆக வேண்டும். தன் காரை மட்டும் ஞாயிறுதோறும் கழுவுவார்.

எங்கள் ஊரில் இந்தப் பதவி வெண்டெல் தர்லோவுக்கு. போன வாரம் அவரை மெர்ல் தன் தூண்டில் கடைக்கு அழைத்தார். வாசலில் பொம்மையாக நிற்கும் மரக் கப்பல் கேப்டனை விற்க மெர்லுக்கு ஆசை. தினமும் அந்தக் கேப்டனுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டுக் கடை திறக்கும் மனைவி ரூத்தானுக்கோ, அவனை அனுப்ப மனமில்லை. வெண்டெல் ‘அசல்’ என்றால் ஏலத்துக்கு, ‘போலி’ என்றால் வாசலுக்கு. இதுதான் ஒப்பந்தம்.

இதற்கிடையே ரொட்டி வண்டி ரிவர்ஸில் வந்து இடித்ததில் கேப்டனின் மூக்கு போனது. ரூத்தானின் தம்பி டுவைன் துடுப்புக் கட்டையில் புது மூக்கு செதுக்கி, பழசாகத் தெரியக் காப்பித் தூளைத் தேய்த்து ஒட்டினான். ஊருக்கே தெரியும். வெண்டெலுக்கு மட்டும் தெரியாது.

வெண்டெல் வந்து அரை மணி நேரம் மோந்தார்.

“உடம்பு பிற்காலத்துல செஞ்சது,” என்றார் வெண்டெல். “தொப்பி படு போலி. ஆனா இந்த மூக்கு இருக்கே...” கண் கலங்கிவிட்டது. “மூக்கு மட்டும் அசல்! நூத்தி அறுவது வருஷம். இது எவன் கை வேலைன்னு எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும் வெண்டெல்,” என்றான் டுவைன். “செவ்வாக்கிழமை நான்தான் செஞ்சேன். என் துடுப்புல.”

வேறு மனிதராக இருந்தால் ஓடியிருப்பார். வெண்டெல் டுவைனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“தம்பி, உன் துடுப்பு எவ்வளவு பழசுன்னு உனக்குத் தெரியுமா?”

கடைக்குள் ஒரு போட்டோ தொங்குகிறது. அதில் ரூத்தானின் கொள்ளுத் தாத்தா இதே கேப்டன் தோளில் கை போட்டு நிற்கிறார். அதைப் பார்க்க வெண்டெலுக்கு ஏது நேரம்?

“அசல்னா ஏலத்துக்குப் போகணும். அதானே பேச்சு?” என்றார் மெர்ல், விடாமல்.

“தாராளமா. எது அசலோ, அத எடுத்துட்டுப் போ,” என்ற ரூத்தான், மூக்கைப் படக்கென்று பிடுங்கிக் கணவர் கையில் வைத்தாள்.

சனிக்கிழமை மெர்ல் கைக்குட்டையில் மூக்கோடு ஏலத்துக்குப் போனார். மூக்கில்லாத கேப்டன் வாசலிலேயே நிற்கிறான், காலை வணக்கத்துடன்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன தடவை சந்தையில் தர்பூசணியைத் தட்டி, காதை வைத்து, தலையாட்டினீர்களே. உள்ளேயிருந்து உங்களுக்கு யார், என்ன சொன்னார்கள்?