ஒரு தடவை மட்டும் கேட்கிற மனிதரிடம் ஜன்னல் வாங்கிய கதை

அன்புள்ள லவோன் அக்காவுக்கு, தங்கை அர்டிஸ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் வீட்டுக்காரர் ஓரினும் அவரவர் முழங்கால் வலியோடு சுகமாக இருக்கிறோம். அரிசோனா வெயிலில் நீயும் வாடாமல் இருக்க தினமும் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். இங்கே மினசோட்டாவில் ஏரி உறைந்துவிட்டது. மீன் பிடிக்கிறவர்கள் கொட்டகைகளை இழுத்துக்கொண்டு பனிமேல் குடியேறிவிட்டார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு ஜன்னல்களை மாற்றிவிட்டோம்.

மூன்று வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு வந்து வடக்கு அறையில் படுத்தாயே, கட்டிலருகே வைத்த டம்ளர் தண்ணீர் பால் ஆடை கட்டுவதுபோல் உறைந்துகிடந்ததே, நினைவிருக்கிறதா? கோட்டும் கம்பளித் தொப்பியுமாகக் காலைக் காப்பிக்கு வந்து உட்கார்ந்து, "கொஞ்சம் குளுகுளுன்னு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுநாளே விமானம் ஏறினாய். நம் குடும்பத்தில் 'கொஞ்சம்' என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், அக்கா இனி இந்த வீட்டில் கிறிஸ்துமஸுக்குத் தங்கவேண்டுமானால் ஜன்னல் மாறியாகவேண்டும் என்று. ஓரின் பழையபடி ஜன்னல்களில் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முடி உலர்த்துகிற மிஷினால் சூடு காட்டி இழுத்துக்கட்டிப் பார்த்தார். காற்று வீசும்போதெல்லாம் அந்தத் தாள் உப்பி உப்பி அடங்கும். கூடத்தில் உட்கார்ந்தால் ஆஸ்துமாக்காரர் நெஞ்சுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள்தான். ஆனாலும் நூலகத்துப் புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நானே படித்தேன். மரச்சட்டமா பிளாஸ்டிக் சட்டமா, இரண்டு அடுக்குக் கண்ணாடியா மூன்றா, நடுவில் அடைக்கிற வாயு எது, எல்லாம் இப்போது தலைகீழாகத் தெரியும். கண்ணாடி வழியே சூடு எவ்வளவு தப்பித்துப் போகும் என்பதற்கு ஒரு எண் போடுகிறார்கள், அது குறையக் குறைய நல்லதாம். "பாவக் கணக்கு மாதிரிங்க" என்றேன் ஓரினிடம். "கோல்ஃப் ஆட்டப் புள்ளி மாதிரின்னு சொல்லு" என்றார் அவர். ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னேன், போதகர் சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்.

ஜன்னல் கம்பெனியிலிருந்து அளவெடுக்க வந்தவர் பெயர் பிரென்ட். டெக்சஸ்காரர், இங்கே வந்து ஒரு மாசம்தான் ஆகிறதாம். நல்ல மனிதர், குறை சொல்லவே முடியாது. ஆனால் உள்ளே வந்தவரிடம் "காப்பி சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன் பார், "கொடுங்கம்மா, ரெண்டு ஸ்பூன் சர்க்கரை" என்று சொல்லிவிட்டார். முதல் தடவை கேட்டதற்கே! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் அடுப்பில் தண்ணீர்கூட வைக்கவில்லை அக்கா. அவர் "வேண்டாம், சிரமப்படாதீங்க" என்பார், நான் மறுபடி கேட்பேன், மறுபடி "வேண்டாம்" என்பார், அதற்குள் தண்ணீர் கொதித்துவிடும், இதுதானே முறை! ஓரின், துணியில்லாமல் யாரோ சர்ச்சுக்குள் வந்துவிட்ட மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்பியைக் குடித்துக்கொண்டே பிரென்ட், "கொசுவலையும் போட்டுடட்டுமா? இந்த மாசம் இலவசம்மா" என்றார். நானும் வளர்ந்த விதப்படி, "ஐயோ, அதெல்லாம் எதுக்கு, உங்களுக்குச் சிரமம்" என்றேன். "சரிம்மா" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். மேஜைக்கடியில் ஓரின் என் காலை மிதித்தார். "பொறுங்க, இன்னும் ரெண்டு தடவை கேப்பாரு" என்று காதோடு சொன்னேன். கேட்கவில்லை. அவர் வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்தேன், திரும்பி வந்து கேட்கவில்லை. "அவங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தானாம்டி" என்றார் ஓரின். அது என்ன ஊரோ! இங்கே ஏரிக்கொசு எப்படி என்று உனக்குத் தெரியும். ஜூலை மாசக் கொசுவத்திக்கு என் கணக்கு நோட்டில் இப்போதே ஒரு வரி ஒதுக்கிவிட்டேன்.

போன வாரம் ஆட்கள் வந்து பழைய ஜன்னல்களைப் பிடுங்கினார்கள். பழைய ஜன்னல் ஏறி இறங்குவதற்காகச் சுவருக்குள் கயிற்றில் தொங்கிய இரும்புக் குண்டுகள் ஒவ்வொன்றாய் அறுந்து விழ, வீட்டைச் சூடாக்குகிற கொதிகலன்தான் வெடித்துவிட்டதென்று ஓரின் நிலவறைக்கு ஓடினார். பியானோமேல் பனி பெய்தது. மான் வேட்டைக்குப் போகிற ஆரஞ்சு உடுப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து சூப் குடித்தோம். ஆனால் அவர்கள் வேலையை என்னவென்று சொல்வேன்! ஒரு கீறல் இல்லை, ஒரு ஆணி தரையில் கிடக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் முடித்துப் பெருக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அக்கா, ஜன்னலா அது! கூடத்து ஜன்னலருகே மெழுகுவர்த்தி ஏற்றினேன். வெளியே காற்று ஊளையிடுகிறது, சுடரோ ஞானஸ்நானத்துக்கு வந்த பிள்ளை மாதிரி அசையாமல் நிற்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அங்கேயே ஸ்தோத்திரம் சொன்னேன். சட்டத்தை உட்பக்கம் சாய்த்து இரண்டு புறமும் துடைக்கலாம். வருகிறவர்களுக்கெல்லாம் ஓரின் சாய்த்துச் சாய்த்துக் காட்டுகிறார், தானே கண்டுபிடித்த மாதிரி. பக்கத்து வீட்டு வெர்னா வந்தாள். கண்ணாடியைத் தட்டினாள், விரலால் தடவினாள், "ம்… மோசமில்ல" என்றாள். வெர்னா வாயில் 'மோசமில்ல'! அவள் கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்த்துக்கூட அவ்வளவு சொன்னதில்லை.

சத்தமும் வராது. நேற்று கிறிஸ்துமஸ் லெஃப்சே ரொட்டிக்கு மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஓரின் வெளியே பனியில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கையை வீசி வீசி என்னவோ சொன்னார். அடடா, இந்த மனுஷனுக்கும் நம்ம ஜன்னல்மேல் இவ்வளவு ஆசையா என்று நானும் சிரித்துக் கையசைத்துவிட்டு மாவுக்குத் திரும்பினேன். அப்புறம்தான் தெரிந்தது, கதவு பூட்டிக்கொண்டுவிட்டதாம். உள்ளே வந்தவரின் மீசை முழுக்கப் பனி. "நல்ல ஜன்னல்தான்டி, நான் செத்தாலும் உனக்குக் கேக்காது" என்றார். அவர் இவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதேயில்லை.

வடக்கு அறையைப் பற்றிக் கேட்பாய். அந்த அறைக்குப் புதுத் திரை தைத்திருக்கிறேன், நீலப் பூப் போட்டது.

கிறிஸ்துமஸுக்கு நீ வரவேண்டும். கர்த்தர் உன் பயணத்தையும் உன் இடுப்பையும் காப்பாராக. உன் வீட்டுப் பூனைக்கும் எங்கள் அன்பு.

உன் தங்கை,
அர்டிஸ்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், மனசாட்சி விடவில்லை. கொசுவலைக்கு அப்புறம் பிரென்ட் இன்னொன்றும் கேட்டார். "வடக்கு ரூமையும் சேர்த்துப் போட்டுடலாமாம்மா?" ஜன்னல் மாற்றுவதே அந்த அறைக்காகத்தானே, அதனால் ரொம்ப ஆசைப்படுகிறேன் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று, "அது பரவாயில்ல, இருக்கட்டும்" என்றேன். எழுதிக்கொண்டார். ஆட்கள் வந்த அன்று அந்த அறை வாசலிலேயே போய் நின்றேன், யாரும் ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போனார்கள். வீட்டில் எல்லா ஜன்னலும் புதுசு அக்கா, உன்னுடையது தவிர. இனி வசந்தத்தில்தான் வருவார்களாம். புதுத் திரைக்குப் பின்னால் பழைய பிளாஸ்டிக் தாள்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் நீ கவலைப்படாதே. "லவோன் நம்ம ரூம்ல உன்கூடப் படுக்கட்டும், நான் வடக்கு ரூமுக்குப் போறேன்" என்றார் ஓரின். நான் பிரென்டிடம் கற்றுக்கொண்டேன் பார், "சரிங்க" என்று முதல் தடவையே சொல்லிவிட்டேன். மனுஷன் திறந்த வாயை இன்னும் மூடவில்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஈஸ்டரிலேயே உன்னைக் கூப்பிட்டேன், "உனக்கு எதுக்குச் சிரமம்" என்றாய். செப்டம்பரில் கூப்பிட்டேன், "பாத்துக்கலாம் விடு" என்றாய். நான் டெக்சஸ்காரி இல்லை. இது மூன்றாவது தடவை. வா அக்கா.