பூஜ்யமும் ஒரு பதில்

இந்த லெபரான் நோன்புப் பெருநாளுக்கு என் அம்மா வீட்டுக்குத்தான் போவது என்று சபதம் எடுத்தேன். மூன்று வருஷமாகப் பாண்டுங்கிலிருந்து சிரெபோனுக்கு, மாமியார் வீட்டுக்கே பஸ் பிடித்து அலுத்துவிட்டது. என் மனைவி யுனிங்சியிடம் நேரில் சொல்லத் தைரியம் இல்லை. பிழைப்புக்குப் புரோகிராம் எழுதுகிறவன் நான். கைபேசிக்குக் குட்டியாக ஒன்று எழுதினேன்.

வீட்டில் யாரும் யாரையும் அதில் கேள்வி கேட்கலாம். கொடுத்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், கேட்டவர் முன்கூட்டியே எழுதி வைத்த பதிலையே அது எடுத்துக்கொள்ளும். யுனிங்சி என் செய்திக்குப் பதில் போட்டதாகச் சரித்திரமே இல்லை. "காரூத்தில் என் அம்மா வீட்டில் எத்தனை நாள்?" என்று கேட்டு, ஏழு என்று எழுதி வைத்தேன். என் லீவே ஏழு நாள்தான்.

அன்றைக்கென்று பதில் போட்டாள். பூஜ்யம்.

ஆடிப்போனேன். ஆனால் புரோகிராம் "பதில் இல்லை, ஏழு நாள்" என்றது. ஒரு வரியில் கோட்டை விட்டிருந்தேன். பூஜ்யம் போட்டால், ஒன்றுமே போடவில்லை என்று அது நினைத்துக்கொண்டது. திருத்த ஒரு நிமிஷம் போதும். தனக்குச் சாதகமான பிழையை எவன் திருத்துவான்?

"நான்தான் பூஜ்யம்னு போட்டேனே?"

"கம்ப்யூட்டருக்கு பூஜ்யமும் பதில் சொல்லாததும் ஒண்ணுதான், நெங். நான் என்ன பண்ணட்டும்?" என்று செல்லமாக அழைத்துக் குழைந்தேன்.

"ஓ" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த "ஓ"வுக்கு நான் பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்த நேரம், கைபேசி கிணுகிணுத்தது. "சிரெபோனில் என் அம்மா வீட்டில் எத்தனை நாள்?" எகத்தாளமாகப் பூஜ்யம் அடித்தேன். "பதில் இல்லை, ஏழு நாள்" என்றது நான் பெற்ற பிள்ளை. இரண்டு முடிவுகள் மோதினால் பிந்தியதே செல்லும் என்று எழுதியவனும் நான்தான்.

பழத்தை மென்றபடியே மடிக்கணினியைத் திறந்து அந்த வரியைத் திருத்தினேன்.

"இனிமே பூஜ்யமும் பதில்தான். சிரெபோன் கிடையாது."

"அப்போ நேத்து நான் போட்ட பூஜ்யம்?"

கைபேசியைப் பார்த்தேன். காரூத்தும் போயிருந்தது.

"எனக்கும் அந்த பஸ் நெரிசல் ஆகாதுங்க. ரெண்டு அம்மாவையும் இங்கயே வரச் சொல்லிட்டேன்" என்றாள்.

கைபேசி மறுபடி கிணுகிணுத்தது. "வருகிறவர்களுக்கெல்லாம் சமைப்பது யார்?" என்ன போடலாம் என்று நான் யோசித்து முடிப்பதற்குள், அவள் கொடுத்திருந்த அரை நிமிஷம் தீர்ந்து என் பெயர் வந்து நின்றது.