சுருதி சேர்க்கப் போன கேப்டன்

"தோழரே, நீங்க பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவராமே! எங்க வீட்டுப் பியானோவுல ஒரு கட்டை அமுக்கினா அமுங்கினபடியே கிடக்கு. ஒரு எட்டு வந்து பாருங்களேன்!"

எதிர்வீட்டு ரெமிகியா அம்மாள் கதவைத் தட்டி இப்படிக் கேட்டபோது, குதிரைப்படை கேப்டன் பல்தசார் கொண்டைக்கடலைக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த ரொட்டி குழம்புக்குள் விழுந்தது.

விடுமுறைக்கு மாட்ரிட்டில் அக்கா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் உள்நாட்டுப் போர் வெடித்தது. மாட்ரிட் தொழிலாளர் கமிட்டிகளின் கையில் இருந்தது; அவருடைய படைப்பிரிவோ எதிர்த்தரப்பில் சேர்ந்துவிட்டது. அதில் அவர் அதிகாரி என்று தெரிந்தால் சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவார்கள். அக்கா லியோகாதியா சீருடையை அடுப்பில் போட்டு எரித்தாள். தன்னிடம் வாடகைக்கு இருந்து செத்துப்போன ஒரு வெளியூர்க்காரருடைய தொழிற்சங்க அட்டையைத் தம்பியின் சட்டைப்பையில் செருகினாள். அட்டையில் போட்டிருந்த தொழில், பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது. அக்கம்பக்கத்திலும் அதையே சொல்லிவைத்தாள்.

"வரலாம்தான். ஆனா என் கருவியெல்லாம் குண்டுவீச்சுல போயிடுச்சே" என்றார் கேப்டன்.

"அடப் பாவமே!" என்று உருகிய ரெமிகியா அம்மாள், நேரே கீழே போய்க் கட்டடத்தின் வாசல் காவல்காரி ஒப்துலியாவிடம் சொன்னாள். ஒப்துலியாவிடம் சொன்னால் பேட்டைக்கே சொன்ன மாதிரி.

மறுநாள் காலையில் பேட்டைக் கமிட்டியின் செயலாளன் ரோபுஸ்தியானோ வந்து நின்றான். ஒரு தோளில் துப்பாக்கி, இன்னொரு தோளில் தோல் பை. கிராமத்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊரில் யாரையும் நம்பக்கூடாது என்று முடிவு கட்டியிருந்தான்.

"கருவிப் பை தேடிப் பிடிச்சுட்டேன், தோழரே. ஞாயித்துக்கிழமை காயம்பட்டவங்களுக்காக மன்றத்துல கச்சேரி. நீங்கதான் பியானோவைச் சரிபண்ணணும். தலைவருக்கே இன்னும் சொல்லல. பார்த்தா அசந்துடுவாரு!"

கேப்டன் அவசரமாகக் காதைப் பொத்திக்கொண்டார். "வலது காதுல சீழ், தோழரே. ஒண்ணும் கேக்க மாட்டேங்குது."

"இன்னொரு காது இருக்குல்ல? நான் ஒரு கண்ணை மூடிக்கிட்டுத்தான் சுடுறேன். குறி தப்பினதில்ல."

அதற்குமேல் அக்காவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. "காதை நல்லாத் தீட்டிக்கிட்டு வேலை செய்டா" என்றாள், அழுகையை விழுங்கிக்கொண்டு.

தெருவில் நடக்கும்போது ரோபுஸ்தியானோவின் பார்வை கேப்டனின் கால்களிலேயே இருந்தது.

"அதென்ன தோழரே, காலு ரெண்டும் வில்லாட்டம் வளைஞ்சிருக்கு? குதிரைப்படைக்காரனுக்குத்தான் இப்படி இருக்கும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க."

"சின்ன வயசுலேர்ந்து பியானோவுக்கு அடியில குந்தி உக்காந்தே வேலை பாத்தேன். அதான்."

"ஓகோ" என்றான் ரோபுஸ்தியானோ. அந்த 'ஓகோ' கேப்டனின் முதுகெலும்பில் மேலிருந்து கீழ்வரை இறங்கியது.

மன்றத்தில் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். நடுவில் கன்னங்கரேலென்று பெரிய பியானோ. கேப்டனுக்குத் தெரிந்தது ஒரே வித்தைதான். முரட்டுக் குதிரையை நெருங்குவதுபோல இடப்பக்கமாக நெருங்கி, அதன் விலாவைத் தட்டிக்கொடுத்து, "ஓ... ஓ... ஒண்ணுமில்லடா" என்று முணுமுணுத்தார்.

"யார்கிட்ட பேசுறீங்க?" என்று கேட்டான் ரோபுஸ்தியானோ.

"மரம் பதட்டமா இருக்கு."

மூடியைத் திறந்தார். உள்ளே நூற்றுக்கணக்கில் கம்பிகள். கண்ணை மூடிக்கொண்டு, கம்பி சுற்றிய ஒரு முளையில் பையிலிருந்த திருகுசாவியை மாட்டித் திருகினார். கம்பி அறுந்து சாட்டையாய்க் காதோரம் சீறிப் போனது. அதைச் சரிக்கட்டப் பக்கத்து முளையைத் தளர்த்தினார்; அது தொய்ந்தது. அந்தத் தொய்வுக்கு ஈடாக இன்னும் ஏழெட்டை இறுக்கினார். ஒரு மணி நேரத்தில் இரண்டு கம்பிகள் அறுந்து, மூன்று கட்டைகள் ஊமையாகி, மிச்சமெல்லாம் பூனைச் சண்டையாய்க் கத்தின.

"இதுக்குப் பேரு சுருதியா?" என்று கேட்டபடி ரோபுஸ்தியானோ தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கினான்.

அப்போது கமிட்டித் தலைவர் செஃபெரினோ உள்ளே வந்தார். அறுபது வயது, மெலிந்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. ஒன்றும் கேட்காமல் பியானோவின் முன் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதுபோல முகம் கோணியது. இன்னொன்றை அழுத்தினார். கண்ணில் நீரே வந்துவிட்டது. பிறகு கேப்டனின் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், காலையும் பார்த்தார்.

கேப்டன் மனதுக்குள் ஜெபம் சொல்லத் தொடங்கினார்.

"அற்புதம்" என்றார் செஃபெரினோ.

"தலைவரே, பூனை கத்துது!" என்றான் ரோபுஸ்தியானோ.

"உனக்கென்ன தெரியும்? பெரிய கைகாரங்க முதல்ல கம்பியைக் கலைச்சுத்தான் விடுவாங்க. அப்புறம் அதுவா படியணும். எல்லாரும் வெளிய போங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் இதைத் தொடக்கூடாது. மன்றத்துச் சாவி என்கிட்ட இருக்கட்டும்." பிறகு கேப்டனின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கும் ஒரு உத்தரவு, தோழரே. இந்தப் பேட்டையில இனி வேற எந்தப் பியானோவையும் நீங்க தொடக்கூடாது."

ஞாயிற்றுக்கிழமை கச்சேரியில் அந்தப் பியானோ தேனாய் இசைத்தது. கட்டுப்போட்ட கைகளால் தட்ட முடியாதவர்கள் காலால் தரையைத் தட்டினார்கள். ரோபுஸ்தியானோ கேப்டனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டான். கேப்டன் தன் விரல்களையே மாறிமாறிப் பார்த்தார். இருபது வருஷத்தைக் குதிரை முதுகில் வீணாக்கிவிட்டோமோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

ஆனால் மனசு கேட்கவில்லை. தான் திருகியது தனக்குத் தெரியாதா? அந்தப் பூனைச் சத்தத்தை அற்புதம் என்று சொன்ன மனிதருக்கு என்ன கோளாறு? வீடு திரும்பியதும், படியைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒப்துலியாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"ஏம்மா, நம்ம தலைவர் செஃபெரினோவுக்குக் காது மந்தமா?"

ஒப்துலியா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"அவருக்கா மந்தம்? தலைவராகிறதுக்கு முன்னாடி முப்பது வருஷமா இந்தப் பேட்டைப் பியானோ அத்தனைக்கும் சுருதி சேர்த்தது வேற யாருன்னு நினைச்சீங்க, கேப்டன்?"