முதல் சவரக்கத்தியை எங்கே வாங்குவது?

மனிதகுலத்தை ஆட்டிப்படைத்த கேள்விகள் மூன்று. எங்கிருந்து வந்தோம்? எங்கே போகிறோம்? முதல் சவரக்கத்தியை எங்கே வாங்குவது? முதல் இரண்டுக்கும் ஆளுக்கொரு பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மூன்றாவதைத் தொட ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அந்தத் துணிச்சல் வந்தது எங்கள் ‘தொடக்கநிலைச் சவரக்கத்தியாளர் வழிகாட்டுச் சங்க’த்துக்குத்தான். அதன் செயலாளர் நான் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். அடக்கம் இல்லாதவனாக இருந்தால் முதல் வரியிலேயே சொல்லியிருப்பேன்.

சவரக்கத்தி என்றால் பிளேடு மாட்டுகிற சமாச்சாரம் அல்ல. முழு இரும்பு, மடக்கினால் பிடிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் ரேசரால் முகத்தை வழித்துப் போட்டுவிட்டு ஓடுகிற இந்த அவசர உலகத்தில், நிதானமாக, தியானம்போல, தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ளும் மனிதனை உருவாக்குவதே சங்கத்தின் ‘தொலைநோக்கு’. ஞாயிறுதோறும் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி அறையில் கூடுவோம். சேருகிற அன்றே புதியவர் தன் பிளாஸ்டிக் ரேசரை வாசலில் இருக்கும் ‘சரணாகதிப் பெட்டி’யில் போட்டுவிட வேண்டும். சங்கம் பரிந்துரைக்கும் இடத்தில் வாங்கிய கத்தியைத் தவிர முகத்தில் வேறு எதையும் வைப்பதில்லை என்று உறுதிமொழியும் எடுக்க வேண்டும். பரிந்துரை என்ன, எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்கிற காரியமா? ஆகவே எங்கள் உறுப்பினர்கள் எல்லாருக்கும் தாடி உண்டு. தலைவருக்கு மார்புவரை. பொருளாளர் மட்டும் மழமழவென்று இருப்பார். தனக்கு இயற்கையிலேயே முடி வளராது என்று அவரே சொல்லியிருப்பதால் அதை நாங்கள் கிளறுவதில்லை. சரணாகதிப் பெட்டியை அவ்வப்போது காலி செய்யும் பொறுப்பும் அவருடையதுதான்.

இப்பேர்ப்பட்ட சங்கத்துக்கு என் மச்சினனை அழைத்து வந்த பெருமை என்னைச் சேரும். மனைவியின் தம்பி; எங்களோடுதான் இருக்கிறான்; தீயணைப்பு வீரன். பிளாஸ்டிக் ரேசர் பட்டாலே அவனுக்குக் கழுத்தெல்லாம் கொப்புளம். ஒற்றை அலகுள்ள கத்திக்கு மாறச் சொல்லித் தோல் டாக்டர் சொல்லியிருந்தார். “எங்க மாமா வாங்குறது?” என்று அப்பாவியாகக் கேட்டான். எனக்குப் புல்லரித்துவிட்டது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கேள்வியை வெளியாள் ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவனுக்கு அவசரம் இருந்தது. புகைக்குள் போகிறவர்கள் மாட்டும் மூச்சுக் கவசம் மழித்த முகத்தில்தான் ஒட்டும். முடி இருந்தால் இடுக்கு வழியே புகை உள்ளே வந்துவிடும். அதற்கு வருடம் ஒருமுறை சோதனை உண்டு. தேறினால் ஏணி வண்டியில் இடம். தேறாவிட்டால் நிலையத்தில் உட்கார்ந்து டெலிபோன் எடுக்க வேண்டியதுதான். ஏணி வண்டியில் ஏறுவதற்காகவே அந்த வேலையில் சேர்ந்தவன் அவன். சோதனைக்கு ஒரு மாதம் இருந்தது. இவ்வளவு பெரிய கேள்விக்கு ஒரு மாதத்தில் விடை கேட்பது அநாகரிகம் என்றாலும், சொந்தக்காரன் ஆயிற்றே என்று ‘அவசரத் துணைக்குழு’ ஒன்று அமைய ஏற்பாடு செய்தேன்.

துணைக்குழுவில் பொருளாளர், பொருளாளரின் மருமகன், நான். பாரபட்சம் வந்துவிடக் கூடாது அல்லவா? எல்லா வழிகளையும் அலசினோம். இணையத்தில் வாங்கலாமா? முகத்துக்கானதை முகம் தெரியாதவரிடம் வாங்குவது முறையல்ல. பழைய சாமான் கடையில்? யார் முகத்தில் விழித்த கத்தியோ. கத்தி தீட்டத் தெரிந்தவரிடமே போய், தீட்டி வாங்கி வந்தால் என்ன என்று என் மச்சினன் குறுக்கே கேட்டான். பொருளாளரின் முகம் சுருங்கிவிட்டது.

“தம்பி, கூர் ஏத்தின கத்திய ஆரம்பத்துலயே குடுக்கிறது புதுசா வர்றவங்கள அவமானப்படுத்துற மாதிரி. கூர்மை உள்ளேருந்து வரணும்” என்றார்.

“கத்திக்கு உள்ளேருந்தா?”

“உங்களுக்கு உள்ளேருந்து.”

சோதனைக்கு முந்தின நாள் மாலை ஏகமனதாக முடிவு வந்தது. தொடக்கநிலையாளர் தம் முதல் கத்தியை, நம்பகமான, நல்ல வெளிச்சமுள்ள, தெரிந்தவர் ஒருவரின் கடையில் வாங்க வேண்டும். அந்த வெளிச்சமான கடை பொருளாளருடையதாக அமைந்தது தற்செயல். மச்சினனுக்கு ஒரு பெரிய மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே வெல்வெட் துணி, வாசனைச் சோப்பு, கத்தியைத் தேய்த்துக்கொள்ளத் தோல்வார், தலைவர் கையெழுத்துப் போட்ட பாராட்டிதழ். ஓரமாக ஒரு கத்தியும் இருந்தது.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நுரை பூசிக்கொண்டு நின்றான். கத்தி நுரையை அழகாக வழித்தது. தாடியை ஒன்றும் செய்யவில்லை. மறுபடி நுரை, மறுபடி வழிப்பு. குளித்துவிட்டு வந்ததுபோல் தாடி பளபளவென்று நின்றது. நான் தலைவருக்குப் போன் போட்டேன். மழிப்பதற்கும் மழுப்புவதற்கும் எழுத்தில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டாவதில் எங்கள் தலைவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

“கத்தியில குறை இல்ல. கோணத்துலதான் குறை. முப்பது டிகிரி சரியா புடிச்சாரான்னு கேளுங்க” என்றார்.

கேட்டேன். மச்சினன் கத்தியை மடக்கிப் பெட்டிக்குள் வைத்தான். மனைவி குளியலறை வாசலுக்கு வந்து, தெருமுனைக் கடையில் ஒரு ரேசரை வாங்கி இழுத்துவிட்டுப் போடா, கொப்புளம் வந்தால் களிம்பு தடவிக்கொள்ளலாம் என்றாள். அவனும் சட்டையை மாட்டினான். நான் விடுவேனா? உறுதிமொழி என்ன ஆவது, செயலாளர் வீட்டிலேயே இப்படியா என்று கதவை மறித்துக்கொண்டு நின்றேன். அவன் என்னை ஒரு நிமிடம் பார்த்தான். அக்கா புருஷன் என்கிற மரியாதை அவனுக்கு எப்போதும் உண்டு. தாடியோடு போனான். கவசத்துக்குள் புகை வந்தது. அன்று சாயங்காலமே டெலிபோன் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். இனிச் சோதனை அடுத்த வருடம்தான். மனைவி என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். வீட்டில் தியானத்துக்கு ஏற்ற அமைதி நிலவியது.

மச்சினனுக்கு நேர்ந்ததைச் சங்கம் பெருந்தன்மையோடு தாங்கிக்கொண்டது. அடுத்த ஞாயிறே ‘கோண விழிப்புணர்வுக் கூட்டம்’ கூட்டினோம். சவரத்துக்கு முன் முகத்தில் போடும் சூடான துண்டின் மகிமையைக் காட்டுவதற்காகப் பொருளாளர் வாசல் பக்கம் மின்சார அடுப்பை வைத்து, அதன் மேலேயே துண்டுகளைக் காயப்போட்டிருந்தார். தலைவர் கோணத்தைப் பற்றி உருகிக்கொண்டிருந்தபோது துண்டு கருகியது. பிறகு வாசல் திரை பிடித்துக்கொண்டது. இருப்பது ஒரே வாசல். புகை மண்டியது. புகை நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் ‘இதர விஷயங்கள்’ வரும்வரை பொறுக்கும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். அடுத்த வரியில் அவருக்கே இருமல் வந்துவிட்டது. நான் போனை எடுத்தேன்.

“தீயணைப்பு நிலையம். சொல்லுங்க.”

“மாப்ளே, நான்தான். தீப்புடிச்சிருச்சு.”

“எங்க?”

எங்கே என்று யாராவது கேட்டால் எங்கள் சங்கத்தார் சட்டென்று பதில் சொல்வதில்லை. பழக்கதோஷம். “அதுல பல கோணம் இருக்கு” என்று வாய் தானாக ஆரம்பித்தது.

“மாமா. அட்ரஸ்.”

சொன்னேன். வண்டி கிளம்பிவிட்டது என்றான். ஜன்னலைத் திறந்து எல்லாரையும் தலையை வெளியே நீட்டச் சொன்னான். ஜன்னலில் புறா வராமல் இருக்க நைலான் வலை அடித்திருக்கிறது என்றேன்.

“அறுத்துப் போடுங்க. அந்த அறையில கத்திக்கா பஞ்சம்?”

உண்மைதான். கண்ணாடி அலமாரி நிறையப் பொருளாளர் கடைக் கத்திகள். வலையில் போட்டால் உத்தரவாதம் செல்லாது என்று பொருளாளர் அந்தப் புகையிலும் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், மருமகன்தான் பிடுங்கினான். ஆளுக்கொரு கத்தியை எடுத்தோம். இழுத்தோம், தேய்த்தோம், குத்தினோம். தலைவர் இரண்டு கையிலும் இரண்டு வைத்துக்கொண்டு போராடினார். வலையில் ஒரு நூல்கூட அறுபடவில்லை. ஒரு பக்கம் வலை தூசு நீங்கிச் சுத்தமானது.

“வெட்ட மாட்டேங்குது மாப்ளே” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் கேட்டான்: “கோணம் சரியா புடிச்சீங்களா மாமா?”

அவன் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை. குனிந்து தரையோடு தரையாக உட்காரச் சொல்லி, ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொள்ளச் சொல்லி, வண்டி வரும்வரை லைனிலேயே இருந்தான்.

ஏணி வண்டி வந்தது. அவன் நிற்க வேண்டிய இடத்தில் வேறொரு வீரர் நின்றார். மழமழவென்ற முகத்தில் கவசம் கச்சிதமாக ஒட்டியிருந்தது. இடுப்பிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார். ஒரே இழுப்பு. வலை விழுந்தது. எங்களை ஒவ்வொருவராக இறக்கினார்கள். முதலில் இறங்கியவர் பொருளாளர். தெருவில் இருமி முடித்த தலைவர், தாடியில் படிந்த கரியைத் தட்டிவிட்டுக்கொண்டு, அந்த வீரரின் கையை மரியாதையோடு பற்றினார்.

“தம்பி, இந்தக் கத்திய எங்க வாங்கினீங்க?”

வீரர் எங்கள் அறைக்கு நேர் கீழே இருந்த ஹார்டுவேர் கடையை மோவாயால் காட்டிவிட்டு வண்டியில் ஏறினார். இந்தத் தகவலின் நம்பகத்தன்மையை ஆராயத் துணைக்குழு அமைத்திருக்கிறோம். பொருளாளர்தான் தலைமை.

எங்களைப் பிடிக்காதவர்கள் ஆயிரம் சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். எங்கள் கத்தியால் இன்றுவரை ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. கழுத்தை அறுக்க எங்களுக்குக் கத்தி தேவைப்பட்டதே இல்லை. சந்தேகம் இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். என் மச்சினன்தான் எடுப்பான்.